இலைநோயும் அரசாணையும்

பதுளையிலிருந்து பசறையைத் தாண்டி ஏறும் மலைப்பாதையில் போனால் வரும் மடுல்சீமையை, இன்று அதன் தேயிலைக்காகவும், மலை விளிம்பில் நின்றால் தெரியும் பள்ளத்தாக்குகளின் காட்சிக்காகவும் அறிந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் இத்தீவின் பொருளாதார சரித்திரத்தையும், அதைவிட முக்கியமாக மலையகத் தமிழரின் சரித்திரத்தையும் திசைமாற்றிய ஒரு சம்பவம் அந்த மலையில்தான் ஆரம்பமாயிற்று என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் சிலரே. 1869ஆம் ஆண்டில் அங்கிருந்த கோப்பித் தோட்டங்களில், இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான பொடி படிந்த புள்ளிகள் தோன்றி, அவை பரவப் பரவ இலை உதிர்ந்து, மரம் மொட்டையாகி நின்றதைக் கண்டவர்கள் அதைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த துவைட்ஸ் என்பவருக்குத் தெரிவித்தார்கள். அவர் அனுப்பிய மாதிரிகளைப் பரிசோதித்த இங்கிலாந்தின் பூஞ்சணவியல் நிபுணர் பார்க்லி, அதுவரை விஞ்ஞானம் அறிந்திராத ஒரு பூஞ்சணம் என்று அதனை அறிவித்து, ஹெமிலையா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அவ்வாண்டிலேயே பெயரிட்டார். பெயரிடுவதற்குச் சில மாதங்கள் போதுமாயிருந்தன. அதைத் தடுப்பதற்கு ஓர் அரசாங்கம் தன்னைத் தயார்ப்படுத்திக் கொள்வதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்நோயைத் தோட்டத் துரைமார் முதலில் பெரிதாக மதிக்கவில்லை. ஏக்கருக்கு ஏக்கர் விளைச்சல் குறைந்துகொண்டு வந்தபோதிலும், உலகச் சந்தையில் கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்தபடியால், குறைந்த விளைவை அதிக நிலத்தால் ஈடுசெய்து விடலாம் என்ற எண்ணத்தில் மேலும் மேலும் காடழித்துக் கோப்பி நட்டார்கள். இவ்வாறு 1870களின் இறுதியில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் ஒரே பயிர், ஒரே தொடராக, இடையில் மறிக்கும் காடு இன்றிப் பரந்து கிடந்தது. நோய் தோன்றிப் பதினொரு ஆண்டுகள் சென்ற பின்னர், 1880ஆம் ஆண்டில், மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியல் அறிஞர் இதனை ஆராய்வதற்கென்றே அனுப்பப்பட்டார். நோயின் வித்துகள் காற்றில் மிதந்து வருகின்றன, இலையின் மேலுள்ள ஈரத்தில் முளைக்கின்றன, இலையின் நுண்துளைகள் வழியே உட்புகுகின்றன என்பதையெல்லாம் ஐயத்துக்கிடமின்றி நிரூபித்த அவர், மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டிருப்பதே நோய்க்கு ராஜபாட்டை அமைத்துக் கொடுத்தது என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆயினும் துரைமார் எதிர்பார்த்த மருந்து அவர் கையில் இல்லை. செம்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை இலைப்பூஞ்சணத்தைத் தடுக்கவல்லது என்று பிரான்ஸ் தேசத்தில் மில்லார்டே வெளியிட்டது 1885இல். வார்ட் இத்தீவை விட்டுப் போய் மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. மில்லார்டேயின் வெளியீட்டுக்கு முந்திய ஆண்டிலேயே, கோப்பிக்குக் கடன் கொடுத்து வளர்த்த ஓரியண்டல் வங்கி சரிந்து விழுந்திருந்தது.

அந்தச் சரிவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் துரைமாரின் நஷ்டத்தையும் வங்கியின் நஷ்டத்தையும் எழுதினார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப்பாதையில் நடந்து, வழியில் கொள்ளைநோய்க்கு உறவினரைப் பறிகொடுத்து, கோப்பி மலைகளை வந்தடைந்த நம் மூதாதையரில் எத்தனையோ பேர் பல மாதச் சம்பளம் கிடைக்காமலே தோட்டம் மூடப்படக் கண்டு, வந்த வழியே திரும்பினார்கள். எஞ்சியவர்கள் தேயிலை நடுவதற்குக் குழி வெட்டினார்கள். ஒரு பூஞ்சணத்தை உரிய காலத்தில் கவனியாத ராஜ்யம், அதன் தண்டனையை யார் தலையில் சுமத்திற்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்துவது அவசியம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரைத் தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்களில் நாட்கணக்காக நிறுத்திவைத்து, காலராவும் பிளேக்கும் தீவுக்குள் வராதபடி பரிசோதித்து, அதன் பின்னரே கப்பலேற அனுமதித்த ஆட்சி, செடியையும் விதையையும் அவ்வாறு நிறுத்திப் பரிசோதிக்கும் முழுமையான சட்டத்தை 1924ஆம் ஆண்டில்தான் இயற்றிற்று. அதற்கு முன் 1909இல் ஆகாயத்தாமரைக்கு எதிராகத் தனிக் கட்டளைச் சட்டம் ஒன்று வந்திருந்தது உண்மையே. ஆனால் களை, பூச்சி, நோய் என்ற மூன்றையும் ஒருங்கே கருதி, அவை வெளியிலிருந்து வராமல் தடுப்பதற்கும் வந்தவை உள்நாட்டில் பரவாமல் ஒடுக்குவதற்கும் விதி வகுத்தது 1924ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமேயாகும். மடுல்சீமையில் முதற் புள்ளி தோன்றியதற்கும் இச்சட்டத்துக்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள். தன் நிலத்தில் தோன்றிய பீடையை ஒழிப்பது நிலத்துக்குரியவரின் சொந்த விஷயமன்று, அயலாருக்கும் தேசத்துக்கும் அவர் செலுத்த வேண்டிய கடமை என்ற கொள்கையை அது நிலைநாட்டிற்று. அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தர் நிலத்துக்குள் பிரவேசித்துப் பார்க்கவும், நோய்ப்பட்டதை அழிக்கும்படி கட்டளையிடவும் வழி செய்தது. எழுபத்தைந்து ஆண்டுகள் வழங்கிய அதன் இடத்தில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, கொள்கை மாறவில்லை.

சட்டம் காற்றைத் தடுக்காது என்று சொல்பவர்கள் உண்டு. அது மெய்தான், 1946ஆம் ஆண்டில் தேயிலைக்கு வந்த கொப்புள நோய் அதற்கு உதாரணம். அஸ்ஸாமில் 1868இலேயே அறியப்பட்டிருந்த அந்நோய், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வடகிழக்கு இந்தியப் பிரதேசத்திலேயே தங்கியிருந்து, 1946இல் தென்னிந்திய மலைகளிலும் அதே ஆண்டில் இலங்கையிலும் தோன்றிற்று. இளங்கொழுந்தையே பற்றுவது அதன் சுபாவம். கொழுந்துதான் நமக்கு ஜீவனம். ஆகவே கோப்பியின் கதை மீண்டும் நிகழப் போகிறது என்று அஞ்சாதவர் அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. ஆனால் நிகழவில்லை. காரணம், 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றிருந்த தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் அப்போது இருந்தது. வார்ட் கையில் இல்லாத செம்பு மருந்து அதன் கையில் இருந்தது. எந்தப் பருவத்தில், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த அளவில் தெளிக்க வேண்டும் என்பதை மலைக்கு மலை சோதித்துச் சொல்லும் மனிதர்கள் இருந்தார்கள். ஆடியிலும் ஆவணியிலும் வறண்ட கச்சான் காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் மணம் சேர்கிறது; அதே மலைகளில், ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவமழை பனிமூட்டத்தோடு இறங்கும் மாதங்களில் கொப்புள நோய்க்கு வசந்தம் பிறக்கிறது. மேற்கு மலைகளுக்குச் சொல்லும் நாட்காட்டி பசறைக்கும் நமுனுகுலைக்கும் பொருந்தாது என்பதனாலேயே நிறுவகத்தின் ஊவாப் பிராந்திய நிலையம் பசறையில் அமைந்தது. நோயைத் தடுப்பது அரசாணை மட்டுமன்று, அந்த ஆணைக்குப் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் என்பதே என் அபிப்பிராயம்.

அந்தக் கண்கள் அயர்ந்தால் மருந்தே வினையாகும் என்பதையும் நம் தேயிலை மலைகளே காட்டியிருக்கின்றன. இலையைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழு ஒரு காலத்தில் தோட்டங்களுக்குப் பெருந்துன்பமாயிருந்தது. 1930களின் நடுப்பகுதியில் ஜாவாத் தீவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொணர்ந்து மலைகளில் விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிட்டுத் தன் குலத்தைப் பெருக்கிற்று. சில ஆண்டுகளுக்குள் ஒரு துளி மருந்தும் இல்லாமல் புழு அடங்கிற்று. பின்னர், கிளைகளைத் துளைத்து வாழும் சிறு வண்டை ஒழிப்பதற்காக டீல்ட்ரின் என்ற நச்சு மருந்தை 1950களில் தோட்டங்களில் தெளிக்கத் தொடங்கியபோது, அம்மருந்து வண்டை மாத்திரம் கொல்லவில்லை. அந்தக் குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த டோர்ட்ரிக்ஸ் புழு மலை மலையாக எழுந்தது. ஒரு பீடைக்குப் பரிகாரம் தேடி மற்றொரு பீடையை வரவழைத்துக் கொண்ட அந்த அனுபவத்துக்குப் பிறகு டீல்ட்ரினைக் கைவிட வேண்டியதாயிற்று. எந்த மருந்தையும் சந்தைக்கு விடுவதற்கு முன், அது எதைக் கொல்லும் என்பதோடு எதைக் கொல்லக்கூடாது என்பதையும் விசாரிக்கும் ஒரு ஸ்தாபனம் தேசத்துக்கு வேண்டும் என்பது அன்றே தெளிவாகியிருந்தது. அதற்கான சட்டம் 1980இல், 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டமாக வந்தது. பதிவு செய்யப்படாத எந்த மருந்தும் இந்நாட்டில் விற்கப்படலாகாது என்ற விதியும், அவ்விதியைக் காக்கும் பீடைகொல்லிப் பதிவாளர் என்ற பதவியும் அதனால் உண்டாயின.

அந்தப் பதிவாளர் அலுவலகம் செய்த காரியங்களில் ஒன்றை மலையகத்து வாசகர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும். லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை: குடும்பச் சண்டையிலோ, கடன் தொல்லையிலோ, ஒரு கணநேர ஆத்திரத்திலோ கைக்கு எட்டிய மருந்துப் போத்தலை எடுத்துக் குடித்தவர்கள், மனம் மாறிப் பிழைக்க விரும்பியபோதும் பிழைக்க இயலாமற் போன அவலங்கள் அங்கே எத்தனை நிகழ்ந்தன! 1995ஆம் ஆண்டில் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 47 என்ற அளவை எட்டி, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. அவ்வாண்டில் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகிய கொடிய நஞ்சுகள் விலக்கப்பட்டன, 1998இல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பராகுவாட், டைமெதோயேட், பென்தியோன். ஒவ்வொன்றும் ஆராய்ந்து, அதன் இடத்தில் விவசாயி பயன்படுத்தக்கூடிய வேறு மருந்து இருக்கிறதா என்று பார்த்து, படிப்படியாக எடுக்கப்பட்ட முடிவு. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பயிர் விளைச்சலோ இந்தத் தடைகளால் குறையவில்லை. ஆரவாரமில்லாமல் பல்லாயிரம் உயிர்களைக் காத்த அரசாங்கச் செயல் என்று இக்காலத்தில் ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், நான் இதைத்தான் சுட்டுவேன்.

இந்தத் தடைகளோடு, பின்னால் வந்த வேறு இரண்டு தடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. ரஜரட்டைப் பிரதேசத்துச் சிறுநீரக நோயின் அச்சத்தை முன்னிட்டு, 2015ஆம் ஆண்டில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி ஒரே ஆணையால் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. அந்த நோயில் துன்புற்ற ஏழை விவசாயிகளின் வேதனை மெய். ஆனால் அதற்கும் இந்த மருந்துக்கும் உள்ள சம்பந்தம் விஞ்ஞான ரீதியில் நிலைநாட்டப்படவில்லை என்பதும், தேயிலை மலைகளில் களையெடுப்பதற்குப் போதிய ஆட்கள் இல்லாத காலத்தில் மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை என்பதும் அதே அளவுக்கு மெய். விளைவு என்ன? களை இடுப்பளவு வளர்ந்தது; கையில் கிடைத்த வேறு களைக்கொல்லிகளைத் தோட்டங்கள் நாடின; அவற்றுள் எம்.சி.பி.ஏ. என்ற மருந்தின் எச்சம் நம் தேயிலையில் இருப்பதை ஜப்பான் கண்டுபிடித்தது. பத்து லட்சத்தில் 0.01 பங்கு என்பது அப்போது அந்நாடு அனுமதித்த எல்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் கிளைபோசேட்டை மீண்டும் அனுமதிக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது.

இரண்டாவது தடை, 2021ஆம் ஆண்டு மே மாதத்து வர்த்தமானி. இரசாயன உரங்களும் பீடைகொல்லிகளும் இனி இறக்குமதி செய்யப்படமாட்டா என்ற அறிவிப்பு, விதைப்புக்குத் தயாராகிக் கொண்டிருந்த வெலிமடை, ஊவா பரணகமை உருளைக்கிழங்கு விவசாயியின் தலையிலும், கவ்வாத்து முடித்து உரத்துக்குக் காத்திருந்த சிறுதோட்டச் சொந்தக்காரரின் தலையிலும் ஒரே நாளில் இறங்கிற்று. இயற்கை விவசாயத்தின் மேல் எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறைந்ததன்று. மண்ணைப் புதுப்பிக்காமல் இம்மலைகளுக்கு வருங்காலம் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் ஒரு தலைமுறைக் காலம் எடுத்துப் பயிற்றுவிக்க வேண்டிய மாற்றத்தை ஒரு பருவத்துக்குள் கட்டளையிட்டு நிறைவேற்ற முயல்வது, அந்த உயர்ந்த இலட்சியத்துக்கே செய்யும் துரோகமாகும். நவம்பருக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2021இல் 29 கோடி 90 லட்சம் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, உரத் தட்டுப்பாடும் அதனோடு வந்த பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து அழுத்த, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தால் நிறுவை குறையும். நிறுவை குறைந்தால் எந்த அடுப்பில் எரிய வேண்டியது எரியாமற் போகும் என்பது நமக்குத் தெரியும்.

ஆயினும் அதே 2021ஆம் ஆண்டில் அதே அரசாங்கத்தின் கீழ்ப் பணிபுரிந்த ஒரு சிறு அலுவலகம் தன் கடமையை எவ்வாறு செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். சேதன உரம் என்று சீனாவிலிருந்து ஒரு நிறுவனம் அனுப்பிய சரக்கின் மாதிரிகளைப் பரிசோதித்த தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை, அவற்றில் பயிர்நோய் உண்டாக்கக்கூடிய எர்வினியா வகைப் பக்டீரியா இருப்பதாக அறிவித்து, அந்த உரம் இறங்குவதற்கு அனுமதி மறுத்தது. 20,000 தொன் உரத்தோடு ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற கப்பல் கடலில் வாரக்கணக்கில் சுற்றிற்று, அனுப்பிய நிறுவனம் பரிசோதனை தவறு என்று வாதாடிற்று, வழக்கு எழுந்தது, ஒரு வல்லரசின் தூதரகம் நமது மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. முடிவில் அந்நிறுவனத்துக்கு 69 லட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. ஆனால் உரம் இறங்கவில்லை. உரத்துக்கு நாடு தவித்துக்கொண்டிருந்த வேளையில், மேலிருந்து வந்திருக்கக்கூடிய அழுத்தங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தால், பரிசோதனைக்கூடத்தில் கண்டதைக் கண்டபடியே எழுதிக் கொடுத்த அந்த உத்தியோகஸ்தர்களின் நெஞ்சுரம் போற்றத்தக்கது. 1869இல் இப்படியோர் அலுவலகம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வெளிநாடுகளும் நம்மிடம் இதே கண்டிப்பைக் காட்டுகின்றன. 2017 டிசம்பரில், ஒரு தேயிலைச் சரக்கில் கப்ரா என்னும் தானிய வண்டு காணப்பட்டது என்பதற்காக ரஷ்யா இலங்கைத் தேயிலை முழுவதையும் நிறுத்திற்று. ஆண்டு முடிவதற்குள் அது தளர்ந்ததெனினும், அந்தச் சில நாட்கள் ஏலச்சந்தை முழுவதும் கலங்கி நின்றது. 2018இன் இறுதியில் வந்த சேனாப் படைப்புழுவோ சரக்கில் ஒளிந்து வரவேண்டிய அவசியமும் இல்லாதது. ஒரே இரவில் நூறு கிலோமீற்றர் பறக்கவல்ல அதன் அந்துப்பூச்சி அமெரிக்காவிலிருந்து ஆபிரிக்காவுக்கும், அங்கிருந்து இந்தியாவுக்கும் வந்து, மொனராகலை மாவட்டத்தின் சோளப்புனங்களையும் மஹியங்கனைப் பக்கத்துச் சோளத்தையும் சல்லடையாக்கிற்று.

ஊவாவைப் பொறுத்தவரை என் கவலை வேறொன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் விவசாயத்தையும் விவசாய விரிவாக்கத்தையும் மாகாணத்துக்குக் கொடுத்தபோது, பெருந்தோட்ட விவசாயத்தை விலக்கி வைத்தது. ஆகையால் பண்டாரவளையில் ஒரு வேலிக்கு இப்புறமிருக்கும் கோவாப் பாத்தியை மாகாணத்தின் விவசாயப் போதனாசிரியர் பார்ப்பார். அப்புறமிருக்கும் தேயிலையைத் தோட்ட நிர்வாகமும் தலவாக்கலையும் பார்க்கும். அவ்விரண்டுக்கும் நடுவே, லயத்துக்குப் பின்னால் தொழிலாளி போட்டிருக்கும் போஞ்சிக் கொடியையும் உருளைக்கிழங்கையும் பார்ப்பவர் யார்? அவர் எந்தப் பதிவேட்டிலும் விவசாயியாக இல்லை. அவர் தோட்டத்தில் கண்ட மருந்தைத் தன் பாத்திக்கும் அடிக்கிறார். சந்தைக்குப் போகும் நாளைப் பார்த்து அறுக்கிறாரேயன்றி மருந்தடித்த நாளை எண்ணி அறுப்பதில்லை. எண்ண வேண்டும் என்று அவருக்கு அவர் மொழியில் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. பூஞ்சணத்துக்கும் புழுவுக்கும் அரசியலமைப்பின் எல்லைக் கோடுகள் தெரியா. இவ்வேலியைத் தாண்டி அவ்வேலிக்குப் போக அவற்றுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை.

தோளில் மருந்துத் தாங்கியைச் சுமந்து, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, செங்குத்தான மலையில் காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிக்கும் மனிதரை மையமாக வைத்து இந்தச் சட்டங்களை யாரேனும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். போத்தலின் மேல் மூன்று மொழியிலும் அச்சிட்டிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் அவர் கைக்கு வருவது போத்தலல்ல, களஞ்சியத்தில் வேறொருவர் கலந்து கொடுத்த வாளி. எந்த நஞ்சைச் சுமக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. கலக்கும் இடத்திலேயே மருந்தின் பெயரையும், அதன் ஆபத்தையும், எத்தனை நாள் கழித்துக் கொழுந்தெடுக்கலாம் என்பதையும் தமிழில் எழுதி வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. அந்த எழுத்து இல்லாத தோட்டத்தைக் கேள்வி கேட்கும் பொறுப்பைப் பதிவாளர் அலுவலகம் ஏற்க வேண்டும்.

அதற்குப் பதுளையில் தமிழ் பேசும் உத்தியோகஸ்தர்கள் வேண்டும். மலையகத்திலிருந்து விவசாயம் கற்றுப் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களில் சிலரை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்றவர்களாக நியமித்து, தோட்டம், சிறுதோட்டம், காய்கறி நிலம், லயத்துப் பாத்தி என்ற பேதமின்றி மலை முழுவதையும் பார்க்கும் கடமையை அவர்களிடம் ஒப்படைக்கலாம். பசறையின் தேயிலை நிலையத்தையும், பண்டாரவளையின் விவசாய ஆராய்ச்சி நிலையத்தையும், மாகாண விவசாயத் திணைக்களத்தையும் ஒவ்வோர் ஆண்டும் வடகீழ்ப் பருவமழைக்கு முன், புரட்டாசியில், ஒரு மேசையைச் சுற்றி உட்காரச் செய்து, அவ்வாண்டின் நோய் நிலவரத்தையும் மருந்து விதிகளையும் தீர்மானித்து, பிரட்டுக்களத்தில் வாசிக்கத்தக்க தமிழில் அச்சிட்டுத் தோட்டந்தோறும் அனுப்பும் அதிகாரத்தை மாவட்டச் செயலாளருக்குக் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த மழை ஐப்பசியில் வருகிறது.